காசு கேளாத இடமும் கொடாததைக் கொள்ளாமையும்

ஒரு பொருளுக்கு விலை கொடுத்தவனுக்கு அப்பொருளின்மீது உரிமை உண்டு. இது கடைத்தெருவின் நீதி. விலையே கேட்கப்படாத ஒன்றை நாம் அனுபவிக்கும்போது அதன்மீது நமக்குள்ள உரிமை எவ்வளவு, அதற்காக நாம் படும் கடன் எவ்வளவு என்பதைக் கடைத்தெரு சொல்லாது. அறநூல்தான் சொல்ல வேண்டும். இக்கேள்வி இன்று நம் சமூகத்து இளைஞர்களால் நம் வீட்டு வாயிலுக்கே வந்திருக்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

நம் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் பணிபுரிகின்றனர். தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தால், ஊருக்கு வருவதைவிட மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் செல்வதையே விரும்புகின்றனர். முதுகில் கூடாரத்தைச் சுமந்து நடக்கின்றனர்; கயிறு பிணைத்துப் பாறை ஏறுகின்றனர்; திறந்த வானத்தின்கீழ் இரவைக் கழிக்கின்றனர். கும்பகோணத்தில் வாழும் என் தங்கை மகள் இதுபற்றி மனக்குறையோடு என்னிடம் கேட்டாள்: "தீபங்குடிக் கோயிலுக்கு அழைத்தால் நேரமில்லை என்கிறான், பெரியம்மா. கண்டிக்கோட்டைப் பாறைக்கு மட்டும் ஆண்டுதோறும் நேரம் கிடைக்கிறது. இது நம் ஒழுக்கத்துக்கு அடுக்குமா?" அவள் மகனோ, "அங்கே வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை, பாட்டி. யாருக்கும் சொந்தமில்லாத வெளியில் நடந்துவிட்டு வருகிறோம். யாருக்கு என்ன தீங்கு?" என்றான். தாயின் கேள்வியிலும் நியாயம் உண்டு. மகனின் கேள்வியிலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் நம் முன்னோர் விடை வைத்துச் சென்றுள்ளனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வறண்ட நாட்டின் பெரும் பிளவு

கண்டிக்கோட்டை ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்னும் ஊருக்கு அருகே உள்ளது. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, நெல்லூர் மாவட்டத்தில் வங்கக் கடலில் கலக்கும் பெண்ணாறு, இவ்விடத்தில் எர்ரமலைக் குன்றுகளை ஊடறுத்துச் செல்கிறது. ஆற்றின் இருபுறமும் செந்நிறப் பாறைகள் அடுக்கடுக்காய், ஏறத்தாழ 300 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடைப் பிளவு. அப்பிளவின் விளிம்பில் கோட்டை எழுந்ததால் கண்டிக்கோட்டை ஆயிற்று. கோட்டைக்குள் மாதவராயர் கோயிலும், அரங்கநாதர் கோயிலும், பெரிய பள்ளிவாசலும், பழைய தானியக் களஞ்சியமும் உள்ளன. அது முழுப் பாலைவனம் அன்று; எனினும் மழை குறைந்த, முட்புதர் மண்டிய வறண்ட நாடு.

நாகப்பட்டினத்துப் பிள்ளையை அவ்விடம் ஏன் ஈர்க்கிறது என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. நம் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்தான். உயரம் என்றால் கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும். இங்கே கிணறு தோண்டினால் வண்டலும் மணலும் வரும், பாறை வராது. நம் வீட்டு அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூரிலிருந்து வந்தவையே. காவிரி கொண்டுவந்து சேர்த்த மண்ணில் வாழ்கின்ற நமக்கு, ஓர் ஆறு மலையை அறுத்துச் சென்றிருப்பதைக் காண்பது புதுமையான பாடம். நாம் அறிந்த ஆறு கொடுக்கும் ஆறு. அங்கே காண்பது கரைக்கும் ஆறு. மண்ணைச் சேர்ப்பதும் நீர். மலையைத் தேய்ப்பதும் அதே நீர்.

அங்கே வாகனம் நிறுத்துவதற்கோ, கூடாரம் அமைத்துத் தருவோருக்கோ சிறிது பணம் கொடுக்க நேரலாம். ஆனால் அது அவரவர் உழைப்புக்கான கூலி. பள்ளத்தாக்கைக் காண்பதற்கும், அதன் காற்றை நுகர்வதற்கும், அதன் நட்சத்திரங்களை எண்ணுவதற்கும் விலை கூற எவராலும் இயலாது. அந்த அளவில் அது காசு கேளாத இடமே.

தாயின் அச்சம்

முதலில் தாயின் பக்கம் நின்று பார்ப்போம். இல்லறத்தார்க்கு ஐந்து அணுவிரதங்கள் உண்டு என்பதும், அவற்றை வளர்ப்பவை குணவிரதங்கள் என்பதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தவை. அக்குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனில்லாமல் பிற உயிர்களுக்குத் தீங்கு விளைக்கும் செயல்களிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை விளக்குகின்றன. அனர்த்த தண்டம் ஐவகை. அவற்றுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கவனமின்றி ஒழுகுதல். வீணாக நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், காற்றெழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணாகத் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் அதில் அடங்கும் என்று சமந்தபத்திரர் வகுக்கிறார்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரப் பயணத்தைப் பாருங்கள். முளை அடிக்க நிலம் குத்தப்படுகிறது. குளிருக்கும் கேளிக்கைக்கும் தீ மூட்டப்படுகிறது. தீக்குச் சுள்ளி வேண்டியிருப்பதால் புதர் ஒடிக்கப்படுகிறது. நடப்பது திரிதல், நண்பரை அழைப்பது திரியச் செய்தல். ஏதோ இன்றைய இளைஞரை மனத்தில் வைத்தே அப்பெருமகனார் எழுதினாரோ என்று தோன்றும். ஆகவே, "இது நமக்கு அடுக்குமா?" என்ற தாயின் கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் அப்பட்டியலின் உயிர்நாடி 'வீணாக' என்ற சொல்லில் இருக்கிறது. உழவன் நிலத்தைக் கிளறுகிறான்; இல்லத்தரசி தீ மூட்டுகிறாள். அவற்றிலும் உயிர்க்கேடு உண்டு. ஆனால் வாழ்வின் தேவை பற்றி நேர்வதால் இல்லறத்தார்க்கு அது முற்றும் விலக்கப்படவில்லை. நம் தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்ந்தவரல்லரோ? அப்படியானால் கேள்வி இவ்வாறு குறுகுகிறது: ஒரு பெரும் பள்ளத்தாக்கைக் கண்டு, அதில் நடந்து, ஓரிரவு தங்கி வருவது பயனுள்ள செயலா, வீண் செயலா?

இதற்கு இடம் விடை சொல்லாது. போகிறவரின் உள்ளம்தான் விடை சொல்லும். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் நிலையாமையைச் சிந்தித்தலும், தனிமையைச் சிந்தித்தலும், உலகின் இயல்பைச் சிந்தித்தலும் உள்ளன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமையான பாறையை நீர் அறுத்திருப்பதைக் கண்டு ஒருவன் தன் ஆயுளின் சிறுமையை ஒரு கணமேனும் உணர்ந்தால், அப்பயணம் வீணன்று. பாறையேற்றத்திலும் அத்தகைய பயன் உண்டு. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு நினைவில்லாமல் மனம் ஒருமுகப்படுவதும், கீழே கயிறு பிடித்திருப்பவன்மீது முழு நம்பிக்கை வைப்பதும் சிறிய கல்வியல்ல. அதே பாறையில் ஏறி, "என்னைப் போல் ஏறியவர் யார்?" என்று படம் எடுத்துப் பரப்பினால், வளர்வது மானம் என்னும் கஷாயம், அப்போது தாயின் அச்சமே உண்மையாகிவிடும்.

மகனின் வாதம்

இனி மகனின் பக்கம் வருவோம். "யாருக்கும் சொந்தமில்லாத இடம்; ஆகவே யாருக்கும் தீங்கில்லை" என்பது அவன் வாதம். இங்கேதான் நம் மரபு ஒரு வியப்பான நுட்பத்தை வைத்திருக்கிறது.

மூன்றாம் விரதமாகிய கள்ளாமைக்கு நம் நூல்கள் தரும் இலக்கணம் 'பிறர் பொருளைத் திருடாமை' என்பதோடு நிற்கவில்லை. 'கொடுக்கப்படாததைக் கொள்ளாமை' என்று அது விரிகிறது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் உடையவன் ஒருவன் இருக்க வேண்டும். அவன் இல்லையென்றால் குற்றமும் இல்லை. இரண்டாவதில் உடையவன் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. 'இது எனக்குக் கொடுக்கப்பட்டதா?' என்பது ஒன்றே கேள்வி.

இவ்விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகளை உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறார். அவற்றுள் முதலாவது, மலைக்குகை, மரப்பொந்து போன்ற ஆளில்லா இடங்களில் தங்குதல். இரண்டாவது, பிறர் கைவிட்டுச் சென்ற இருப்பிடங்களில் தங்குதல். மூன்றாவது, அங்கே தங்க வரும் பிறரைத் தடுக்காதிருத்தல். நான்காவது, ஏற்கும் உணவின் தூய்மை காத்தல். ஐந்தாவது, உடன் வாழ்வோரிடம் 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்று பிணங்காதிருத்தல். இவை துறவியர்க்குரியவை. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். வாயிலும் சீட்டும் இல்லாத பாறைக்குகையில் தங்குவது பற்றிய விதியை நம் ஆசாரியர் வேறெங்கும் வைக்காமல் கள்ளாமையின்கீழ் வைத்திருக்கிறார்! காசு கேளாத இடத்தில்தான் களவு எளிது என்பதை அவர் அறிந்திருந்தார். கேட்பார் இல்லாத இடத்தில், தங்குவது மட்டுமே தனக்குக் கொடுக்கப்பட்டது, மற்ற எதுவும் கொடுக்கப்படவில்லை என்று துறவி உணர வேண்டும் என்பது அதன் உட்கிடை.

இல்லறத்தாருக்கு இவ்வளவு கடுமை இயலுமோ என்று ஐயம் எழலாம். அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அதற்கும் விடை தருகிறார். பொதுக் கிணற்று நீர் போன்றவற்றைக் கேளாமல் எடுப்பதையும் விட்டொழிக்க இயலாதவர்கள், அவை நீங்கலாக, கொடுக்கப்படாத பிற அனைத்தையும் என்றும் விலக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தாகத்துக்கு நீர் கொள்ளலாம். அதைச் சாக்காக வைத்து மற்றவற்றைக் கொள்ளலாகாது.

ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவியரைக் கல்விச் சுற்றுலாவாகப் புதுக்கோட்டைப் பக்கத்து மலைகளுக்கு அழைத்துச் சென்றதுண்டு. ஒரு சிறுமி பளபளக்கும் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, "மலை முழுவதும் கல்தானே டீச்சர், ஒன்றை எடுத்தால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டாள். "உனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நாளைக்கு இன்னொரு பள்ளி வரும். நீ கேட்ட கேள்வியை அவர்கள் எல்லோரும் கேட்டால்?" என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கணக்குப் பாடத்தில் பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு அறமும் பாதி தெரியும்.

நம் காவிரி நாட்டு வயல்வரப்பை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். வயல் ஒருவருக்குச் சொந்தம். வரப்பில் நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் வரப்பில் நடப்பவனுக்குக் கொடுக்கப்பட்டது நடை மட்டுமே. நாற்றை மிதிக்கலாகாது, வரப்பை உடைக்கலாகாது, மடையைத் திறந்துவிட்டுப் போகலாகாது. ஈர வரப்பில் கால் வழுக்கி மண் சரிந்தால், நின்று ஒரு கை மண் அள்ளி அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கமுடையவர் செயல். கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கும் ஒரு பெரிய வரப்பே.

கொடுக்கப்பட்டதும் கொடுக்கப்படாததும்

அப்படியானால் ஒரு பள்ளத்தாக்கில் நமக்குக் கொடுக்கப்பட்டவை எவை? பாதை கொடுக்கப்பட்டது, காட்சியும் காற்றும் ஓரிரவு படுக்க இடமும் கொடுக்கப்பட்டன. கொடுக்கப்படாதவை எவை என்பதை நடத்தல், ஏறுதல், தங்குதல், பெயர் எழுதுதல் என்று நான்காகப் பார்க்கலாம்.

நடத்தலில், முன்னே நான்கு முழ அளவு நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைத்தல் துறவியரின் ஈரியா சமிதி. வட அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வறண்ட பள்ளத்தாக்குகளில் நடப்போருக்கு இன்று இதையொத்த அறிவுரை கூறப்படுகிறது. அங்கே மணலின்மேல் கறுத்து, மேடுபள்ளமாய் ஒரு மெல்லிய ஓடு படர்ந்திருக்கும். நீலப்பச்சை நுண்ணுயிர்களும், பூஞ்சையும், பாசியும் சேர்ந்து நெய்த உயிர்ப் போர்வை அது. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும், மண்ணுக்கு உரம் சேர்ப்பதும் அதுவே. ஒரு காலடி பட்டால் நொறுங்கும். மீண்டும் வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே பாதையிலும், வெறும் பாறையிலும், நீர் ஓடிய மணல் தடத்திலும் மட்டுமே நடக்குமாறு வேண்டுகின்றனர். அறிவியல் சொல்வதும் ஆகமம் நிலத்தை உடலாகக் கொண்ட உயிர்களைப் பற்றிச் சொல்வதும் ஒன்றே என்று நான் கூறவில்லை. ஆனால் இரண்டும் 'காலடியைப் பார்' என்கின்றன.

ஏறுதலில், பாறையின் இடுக்கு நமக்குக் கைப்பிடி. பறவைக்கு அது வீடு. யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில் இளவேனிற்காலம் தோறும் வல்லூறுகள் கூடுகட்டும் செங்குத்துப் பாறைகள் ஏறுவோருக்கு மூடப்படுகின்றன. குஞ்சுகள் பறந்தபின் திறக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் நிலமெங்கும் சிற்றுயிர் பெருகுவதால் நம் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசிய மரபும் இத்தகையதே. போகலாமா என்ற கேள்விக்கு, "இப்போது போகலாகாது" என்பதும் ஒரு விடைதான். நம் நாட்டுப் பாறைகளில் இன்னொன்றும் உண்டு. விளிம்புகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளாகத் தொங்கும். கீழே எழுப்பும் புகையும் கூச்சலும் அவற்றைக் கலைக்கும். கலைந்த தேனீ கொட்டினால் மனித உயிருக்கும் ஆபத்து. தேன் உண்ணாத நமக்குத் தேனீயின் வீட்டைக் கலைக்க என்ன காரணம் இருக்கிறது?

தங்குதலில், முதலில் விட வேண்டியது தீ. குளிருக்குக் கம்பளி போதும். தீயில் விட்டில் விழுவது அறிந்தே விழச் செய்வதாகும். இரவுணவு நீத்தவர்க்கு இரவில் அடுப்பும் வேண்டியதில்லை. பொழுது சாயும்முன் உண்டு முடித்தால், கூடார வாழ்வு நம் ஒழுக்கத்துக்கு மாறாக இராததோடு, அதற்கு மிக நெருங்கியும் நிற்கும். அமைதியும் இருளும்கூட நமக்குக் கொடுக்கப்படாதவையே. உரத்த பாட்டு, அடுத்த கூடாரத்தில் இருப்பவரின் உறக்கத்தை மட்டுமன்றி, இரவில் இரைதேடும் உயிர்களின் உணவையும் கவர்ந்துகொள்கிறது. கொண்டு சென்ற நெகிழியைத் திரும்பக் கொண்டுவருதல் சொல்லாமலே விளங்கும். அமெரிக்கப் பொது நிலங்கள் பலவற்றில் கூடாரமிட்டுத் தங்கக் கட்டணம் இல்லை. ஆனால் 14 நாட்களுக்குமேல் ஓரிடத்தில் தங்கலாகாது என்ற வரம்பு உண்டு. சிற்றூரில் ஓரிரவு, நகரில் ஐந்து நாள் என்ற நம் முனிவர் மரபை அறிந்தவர்க்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும். நெடுநாள் தங்கினால் 'எனது' என்ற எண்ணம் வேர்விடும்.

பெயர் எழுதுதல் நம்மவர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. பாறைதோறும் கரியாலும் வண்ணத்தாலும் உளியாலும் பெயர்களும் அம்பு துளைத்த இதயங்களும் எழுதப்படுகின்றன. ஓர் இளைஞர் என்னிடம், "நம் மலைகளிலும் பெயர்கள் வெட்டப்பட்டுத்தானே இருக்கின்றன? அதைக் கல்வெட்டு என்று போற்றுகிறீர்களே!" என்று வாதிட்டார். கூரிய கேள்வி. மதுரை மாவட்டம் மாங்குளம் மலைக்குகையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன் கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு அமைத்துத் தந்த இருப்பிடம் பற்றிச் சொல்கிறது. அங்கே பெயர் இருக்கிறது. ஆனால் அது தனியே நிற்கவில்லை. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்ற செய்தியோடு நிற்கிறது. கொடையின் அடையாளமாகப் பொறிக்கப்பட்ட பெயர் அது. இன்று சுரண்டப்படும் பெயரோ, 'நான் வந்தேன்' என்பதைத் தவிர எதையும் சொல்வதில்லை; எதையும் கொடுப்பதுமில்லை. அந்தக் கற்படுக்கையில் படுத்த முனிவர் பலரின் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் மறக்கலாகாது.

போகாதிருப்பதே மேலா?

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, பேசாமல் வீட்டில் இருந்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அதில் ஒரு குறை உண்டு. காணாத இடத்தின்மீது யாருக்கும் அக்கறை பிறப்பதில்லை.

மாங்குளம் மலையைத் தன் எல்லைக்குள் கொண்ட மீனாட்சிபுரமும், கற்படுக்கையும் தீர்த்தங்கரர் திருவுருவும் உடைய அரிட்டாபட்டியும் மதுரை மாவட்டத்தில் அருகருகே உள்ள ஊர்கள். அங்குள்ள குன்றுகளும், சுனைகளும், வல்லூறுகளும் கருதி, 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அப்பகுதியை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலத்தில் விடப்பட்டதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. மேலூர் வட்டாரத்து மக்கள் திரண்டெழுந்தனர்; 2024 டிசம்பரில் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தை ரத்து செய்தது. எழுந்து நின்றவர்கள் அம்மலையின் நிழலில் ஆடு மேய்த்தவர்கள், அதன் சுனைநீரைப் பருகியவர்கள், அதன்கீழ் உழுதவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நம் முனிவர் தங்கிய குகைகளும் அவர்களால் காக்கப்பட்டன. அம்மலையைக் காசு கொடாமல் அனுபவித்தவர்கள் அதற்குரிய கடனைத் தீர்த்த விதம் அது.

ஆகவே மலைக்குப் போகும் பிள்ளையை நாம் தடுக்க வேண்டியதில்லை. வெறுமனே வழியனுப்பவும் வேண்டியதில்லை. நம் மரபில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது நியமம். வாழ்நாள் முழுவதற்கும் திசையெல்லை வகுப்பது திக்கு விரதம். குறிப்பிட்ட காலத்துக்கு அதனினும் சுருக்கி எல்லை வகுப்பது தேச விரதம். புறப்படும் முன், "இத்தனை பேர் போவோம்; இத்தனை நாள் இருப்போம்; இந்த எல்லைக்கு அப்பால் செல்லோம்; தீ மூட்டோம்; பொழுது சாய்ந்தபின் உண்ணோம்; கொண்டு சென்றதெல்லாம் கொண்டு வருவோம்; அங்குள்ளதில் ஒரு கல்லும் எடுத்து வாரோம்" என்று வீட்டில் பெரியவர் முன்னிலையில் நியமம் ஏற்கட்டும். பாதுகாப்பும் அதில் அடங்கும். தன் உயிரும் உயிரே. விளிம்பில் தவறுகிறவனை மீட்க இறங்குகிறவன் உயிரும் உயிரே. இத்தகைய நியமத்தோடு போகிறவன் ஒரு வகையில் விரதம் பூண்டு போகிறான். அவன் கோயிலைத் துறந்து குன்றுக்குப் போனான் என்று வருந்துவது அப்போது பொருந்தாது. நம் கோயில்களுக்கு முன்னே நமக்குக் குன்றுகள்தாம் பள்ளிகளாக இருந்தன.

இதற்கான பயிற்சியைக் கண்டிக்கோட்டையில் தொடங்க முடியாது. ஊரிலேயே தொடங்க வேண்டும். நாகப்பட்டினத்தில் நமக்கு மலை இல்லை. ஆனால் காசு கேளாத கடற்கரை உண்டு. ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் நம் கரையோரத்துக்குப் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து மணலில் முட்டையிடுகின்றன. குழந்தைகளோடு மாலையில் மணலில் அமர்கிறோம். எழுந்து வரும்போது நாம் அமர்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பிப்போம். காகிதமோ நெகிழியோ கிடந்தால் எடுக்கச் சொல்வோம். அது யார் போட்டது என்று அவர்கள் கேட்டால், அக்கேள்விக்கு விடை வேண்டியதில்லை என்றும் சொல்வோம்.

சீட்டு வாங்கிப் போகும் இடத்தில் காவலர் இருப்பார். குற்றம் செய்தால் தண்டம் விதிப்பார். சீட்டு இல்லாத இடத்தில் காவல் முழுவதும் போகிறவரின் உள்ளத்தில் ஒப்படைக்கப்படுகிறது. காண்பார் இல்லாதபோதும் வினை வந்து ஒட்டும் என்று நம்புகிற நமக்கு அக்காவல் புதிதன்று. காசு கேளாத இடம் நம்மை நம்பித் திறந்து கிடக்கிறது. அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நம் பிள்ளைகளை வளர்ப்போமாக. அறம் வளர்க!